குளங்களைத் தூர்வாரும்போது மேற்சேற்றை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணை திறப்புக்கு முன்பாக ஒவ்வொரு கோடையிலும் காவிரிப் படுகை மாவட்டங்களில் நடைபெறும் தூர்வாரும் பணிகளைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. எத்தனை கிலோமீட்டர் வாய்க்கால் தூர்வாரப்பட்டது, எத்தனை பொக்லைன் இயந்திரங்கள் இறக்கப்பட்டன, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்பவை அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் வாய்க்கால்களோடு சேர்த்து ஊர்க்குளங்களும் குட்டைகளும் அடிக்களிமண் தெரியும்வரை வழித்தெடுக்கப்படும்போது, அந்தச் சேற்றோடு சேர்ந்து வெளியேறுவது என்ன என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. திருவாரூர் மாவட்டத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தச் சேற்றில் உறங்கிக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். குளத்தைத் தூர்வாருங்கள், ஆனால் மேற்சேற்றில் ஒரு பகுதியை அதே குளத்தில் விட்டுவையுங்கள் என்பதே என் கோரிக்கை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

படித்துறையில் நின்று ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தால் அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. உண்மையில், நன்னீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. அவற்றை உண்ணும் ஒற்றைச்செல் உயிரிகள், கண்ணாடியைப் போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயட்டம்கள், பச்சைப்பாசிகள், நீலப்பச்சைப்பாசிகள், வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகளைச் சுழற்றி இரையை உள்ளிழுக்கும் சக்கர உயிரிகளான ரோட்டிஃபர்கள், இறாலுக்கு உறவான நுண்ணிய நீர்த்தெள்ளுகள், சைக்ளாப்ஸ் முதலியவை அதே நீரில் வாழ்கின்றன. சக்கர உயிரிகளில் பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைத் தாண்டாதவை. நீர்த்தெள்ளு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்வதால், வெயிலில் ஒரு கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்தால் துள்ளித் துள்ளி நகரும் புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். குளிர்நாட்டு ஏரிகளில் காணப்படும் டாஃப்னியா என்னும் பெரிய நீர்த்தெள்ளைக் காட்டிலும், நம் குளங்களில் மொய்னா, செரியோடாஃப்னியா, டயாஃபனோசோமா போன்ற சிறிய இனங்களே மிகுதி. பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவையும் ஆக்சிஜனையும் ஆக்குகின்றன. அவற்றை நீர்த்தெள்ளுகள் வடிகட்டி உண்கின்றன. நீர்த்தெள்ளுகளை மீன்குஞ்சுகள் உண்கின்றன. இறந்தவற்றை எல்லாம் பாக்டீரியாக்கள் சிதைத்து மீண்டும் நீருக்கே உரமாக்குகின்றன. நம் கண்ணில் படும் நாரையும் விராலும் அல்லியும் இந்தச் சுழற்சியின் மேல் நிற்பவை. உலகில் உயிர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கடலிலும் நன்னீரிலும் வாழும் டயட்டம்கள் மட்டுமே உண்டாக்குகின்றன என்பதை நினைத்தால், அளவில் சிறியவை என்பதற்காக இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது எவ்வளவு பெரிய பிழை என்பது புரியும்.

காவிரிப் படுகையின் குளங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பவை அல்ல. பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்கி, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்து, ஆற்றில் தண்ணீர் வந்தபின் ஆனி, ஆடியில் மீண்டும் நிறைபவை. அப்படியானால் நீரிலேயே பிறந்து நீரிலேயே மடியும் இந்த நுண்ணுயிர்கள் கோடையில் எங்கே போகின்றன? அவை எங்கும் போவதில்லை, அந்தச் சேற்றிலேயேதான் இருக்கின்றன. நீர் நிறைந்து இரை மிகுந்திருக்கும் காலத்தில் நீர்த்தெள்ளுகளில் பெண்கள் மட்டுமே இருக்கும்; அவை இணைசேராமலே முட்டையிட்டுப் பெருகும். வெப்பமான நீரில் பிறந்த மொய்னா நான்கைந்து நாட்களில் தானே தாயாகிவிடும். நீர் குறைந்து, நெருக்கடி மிகுந்து, இரை அருகத் தொடங்கியதும் ஆண்கள் பிறக்கின்றன. அப்போது இணைசேர்ந்து இடப்படும் முட்டைகள் வேறு வகையானவை. தடித்த கருநிற உறைக்குள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட கருவாக அவை சேற்றில் படிகின்றன. வெயில் சேற்றைச் சுட்டாலும், மண் உலர்ந்து தூளானாலும், அந்தக் கரு சாவதில்லை. சக்கர உயிரிகளும் கோப்பிபோடுகள் எனப்படும் சைக்ளாப்ஸ் குடும்பத்தாரும் தத்தம் வழியில் இதையே செய்கின்றன. சில சக்கர உயிரிகள் இதற்கெனத் தனி முட்டைகூட இடுவதில்லை. உடலின் நீரை இழந்து தாமே சுருங்கி, உயிரின் அசைவு ஏதும் இல்லாத துகளாகி, நீர் பட்டதும் விரிந்து நீந்தத் தொடங்குகின்றன.

இதை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான ஆன்டனி வான் லீவன்ஹூக். தம் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரில் வாழும் நுண்ணிய உயிர்களைத் தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியாகக் கண்டு 1674-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர், 1702-இல் வீட்டுக் கூரையின் நீர்த்தாரையில் காய்ந்து கிடந்த வண்டலை எடுத்து நீரில் இட்டு, சற்று நேரத்தில் அதிலிருந்து உயிர்கள் எழுந்து நீந்துவதைப் பதிவு செய்தார். அதன்பின் வந்த ஆய்வுகள் வியப்பை மேலும் கூட்டுகின்றன. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு குளத்தின் அடிமண்ணில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோப்பிபோடு முட்டைகள் உயிரோடு இருப்பதை 1990-களில் கண்டறிந்தார்கள். சைபீரியாவின் உறைமண்ணில் 24,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த சக்கர உயிரி உயிர்பெற்று இனப்பெருக்கமும் செய்ததை ரஷ்ய அறிவியலாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் ஏதேனும் ஓர் ஊர்க்குட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மேல்மண்ணை எடுத்துவந்து, கண்ணாடிக் குடுவையில் இட்டு, மழைநீரையோ, குளோரின் கலவாத கிணற்று நீரையோ ஊற்றி, நேர்வெயில் படாத சன்னலோரத்தில் வைத்தால் போதும். சில நாட்களில் அதில் புள்ளிகள் துள்ளத் தொடங்கும். என் வகுப்புகளில் இதை மாணவர்களைக் கொண்டே செய்யச் சொல்வேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதமே அதற்கு உகந்த காலம். செத்த மண் என்று அவர்கள் நினைத்திருந்த ஒன்றிலிருந்து உயிர் எழுந்து வருவதைப் பார்த்த பிள்ளைகள், அதன் பிறகு குட்டையைக் கடந்து செல்லும்போது அதில் குப்பை போடத் தயங்கியதை நான் கண்டிருக்கிறேன். பாடநூலின் ஒரு பக்கப் படத்தால் அது நடந்திருக்காது.

ஆக, வறண்ட குளத்தின் சேறு ஓர் இருப்பு. குறுவைக்கென்று எடுத்துவைத்த விதைநெல்லை எந்த விவசாயியும் கோடையில் வழித்து வெளியே கொட்டுவதில்லை. குளமும் அப்படி ஓர் இருப்பை அடுத்த பருவத்துக்காகத் தன் மேற்சேற்றில் சேர்த்து வைக்கிறது. கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், முளைக்கும் திறனோடு விழித்தெழக்கூடிய முட்டைகளில் பெரும்பகுதி மேலுள்ள சில அங்குலச் சேற்றிலேயே இருக்கின்றன. ஆழத்தில் புதைந்தவை உயிரோடிருந்தாலும் ஒளியும் ஆக்சிஜனும் எட்டாததால் விழிப்பதில்லை. ஆகவே, நான்கடி ஆழம் தோண்டி எடுப்பதிலும், மேற்பரப்பை மட்டும் ஒரே சீராக வழித்தெடுப்பதிலும் இந்த இருப்புக்கு நேரும் இழப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மறுபுறம், மேலுள்ள அந்தச் சில அங்குலத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பாதகம் குறைவு. இந்த எளிய உண்மை பணி மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களுக்குச் சென்று சேர வேண்டும் என்பதே என் ஆவல்.

இந்த இருப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மீனவர்களும் மீன்குஞ்சு வளர்ப்போரும் அறிவார்கள். புதுத்தண்ணீர் வரும்போது ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் எதிரேறி வரும் ஏற்றுமீன்கள் வயல்களிலும் குளங்களிலும் முட்டையிடுகின்றன. பொரித்த கெண்டைக் குஞ்சு முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் வயிற்றிலுள்ள கருவுணவைக் கொண்டு வாழும்; அது தீர்ந்ததும் வாயைத் திறந்து இரை தேட வேண்டும். அந்தச் சிறு வாய்க்குள் போகக்கூடியவை சக்கர உயிரிகளும் நீர்த்தெள்ளின் குஞ்சுகளுமே. அவை அந்த நாட்களில் நீரில் இல்லையென்றால் குஞ்சுகள் பட்டினியால் மடியும். பிறகு எத்தனை இரை பெருகினாலும் பயனில்லை. இதனால்தான் மீன்பண்ணைகளில் குஞ்சுகளை விடுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே நாற்றங்கால் குளத்தில் சாணமும் கடலைப் புண்ணாக்கும் இட்டு, சக்கர உயிரி, நீர்த்தெள்ளு போன்ற மிதவை உயிரிகளைப் பெருக்குகிறார்கள். ஐம்பது லிட்டர் நீரை நுண்வலையில் வடிகட்டினால் ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் மிதவை உயிரிகளாவது தேற வேண்டும் என்று பார்த்த பிறகே குஞ்சுகளை விடுகிறார்கள். ஊர்க்குளத்தில் இதை எவரும் செய்வதில்லை. அங்கே சேற்றில் இருக்கும் முட்டைகள், தண்ணீர் பட்ட சில நாட்களுக்குள் விழித்து, ஏற்றுமீனின் குஞ்சுகள் பசிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பெருகிவிடுகின்றன. அயிரையும் குரவையும் உளுவையும் கெளுத்தியும் நம் குளங்களில் அருகிவிட்டன என்று பலரும் வருந்துகிறார்கள். பூச்சிக்கொல்லியும் ஜிலேபிக் கெண்டையும் காரணம் என்கிறார்கள், அது உண்மையே. அவற்றோடு, குஞ்சின் முதல் இரையும் சேற்றோடு போய்விட்டது என்ற காரணத்தையும் சேர்த்து ஆராய வேண்டும்.

பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்காலத்தில் தமிழக ஏரிகளுக்கு வலசை வரும் தட்டைவாயன் வாத்து, அகன்ற அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற அமைப்பால் நீரை வடிகட்டி மிதவை உயிரிகளை உண்பது. அவ்வாறு வரும் நீர்ப்பறவைகள் தம் கால்களில் ஒட்டிய சேற்றிலும், குடலில் செரிக்காமல் தப்பிய முட்டைகளாகவும் இந்த நுண்ணுயிர்களை ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கொண்டு செல்கின்றன என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. எனவே, வழிக்கப்பட்ட குளம் என்றென்றைக்கும் வெறுமையாகவே இருந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆற்று நீரோடும் பறவையோடும் காற்றோடும் புதியவை வந்து சேரும். ஆனால் எந்த இனம் முதலில் வந்து சேர்கிறது என்பது தற்செயலைப் பொறுத்தது. அந்தக் குளத்துக்கே பழகிய பல இனங்களும் ஒருங்கே திரும்ப வெகுகாலம் ஆகும். ஆண்டுதோறும் வழித்தால் அந்தக் காலமும் கிடைக்காது.

வயலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் படுகையில் மிகப் பரந்த ஆழமற்ற நீர்நிலை நெல்வயலே. நீர் தேங்கிய வயலில் மேலே படரும் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகிறது என்பதை வங்காளத்து அறிவியலாளர் பி. கே. டே 1930-களில் நிறுவினார். அனபீனா, நாஸ்டாக் போன்ற இழைப்பாசிகளில், வரிசையாக அமைந்த செல்களுக்கு நடுவே தடித்த சுவருடைய செல் ஒன்று இடையிடையே இருக்கும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஆக்சிஜன் புகாத அந்தச் செல்லுக்குள் அவ்வேலை நடக்கிறது. நல்ல சூழலில் ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் இவ்வழியில் கிடைக்கும் என்று வேளாண் அறிவியல் கணக்கிடுகிறது. அசோலா என்னும் நீர்ப்பெரணியை வயலில் விடும் விவசாயிகளும் உண்மையில் அதன் இலைக்குள் குடியிருக்கும் அனபீனாவையே வளர்க்கிறார்கள். யூரியாவை மிகுதியாக இட்டால் இந்தப் பாசி நைட்ரஜன் பிடிக்கும் வேலையை நிறுத்திக்கொள்கிறது. எளிதில் கிடைக்கும்போது பாடுபட வேண்டிய தேவை அதற்கு இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் பாசிகளைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றியவர். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப்பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூலை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். அத்தகைய மரபுடைய நாட்டில், படுகைக் குளங்களின் மிதவை உயிரிகளைப் பற்றிய பேச்சு முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குள்ளேயே நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கேடு தூர்வாருவதால் மட்டும் வருவதன்று. சலவைச் சோப்பு நுரையும் கழிவுநீரும் வயல் வடிநீரும் குளத்தில் சேரும்போது பாஸ்பரசும் நைட்ரஜனும் மிகுந்து, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி பச்சைச் சாயம் ஊற்றியது போல் மேலே திரள்கிறது. இதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. மாடு குடிக்கும் நீர் அது என்பதை மறக்கலாகாது. பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசித் திரள், இரவில் தான் சுவாசிக்க ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து திணறி மடிகின்றன. பாசியை உண்டு கட்டுப்படுத்தும் நீர்த்தெள்ளுகளோ, குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அளவுக்கு மீறி விட்ட மீன்களுக்கு இரையாகித் தீர்ந்திருக்கும். குத்தகைக் குளங்களில் கோழிக்கழிவைக் கொட்டுவதும், பழைய மீன்களை ஒழிக்க வேதிப்பொருள்களைக் கலப்பதும் ஊராட்சிகள் கண்டும் காணாமல் விடுகின்ற செயல்களாகிவிட்டன. பூச்சிக்கொல்லிகளைப் பொறுத்தவரை, ஒரு மருந்து நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை அறிய உலகெங்கும் முதலில் சோதிக்கப்படும் உயிரியே நீர்த்தெள்ளுதான். 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவார்கள். அந்தச் சோதனை நம் வடிகால்களில் ஒவ்வொரு சம்பாவிலும் எவரும் எண்ணாமலே நடந்துகொண்டிருக்கிறது.

சிமெண்ட் தளமும் அவ்வாறே. கரைச் சரிவில் கல் பதிப்பதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் அழகுபடுத்துதல் என்ற பெயரில் குளத்தின் அடியிலும் கான்கிரீட் இடப்பட்டால் சேறும் இல்லை, முட்டையும் இல்லை, நிலத்தடிக்கு இறங்கும் நீரும் இல்லை. கும்பகோணத்தில் 2028-இல் மகாமகம் வரவிருக்கிறது. அதையொட்டி அந்நகரின் பல திருக்குளங்களிலும் சீரமைப்புப் பணிகள் நடைபெறக்கூடும் என்பதால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இந்த நுண்ணுயிர்கள் நோயைத் தருபவை அல்லவா, அவற்றை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. குடிநீரில் வந்த சைக்ளாப்ஸ் வழியாகவே நரம்புச் சிலந்தி நோய் பரவியது. ஆனால் அந்நோய் ஒழிந்தது குளங்களிலுள்ள சைக்ளாப்ஸ் இனத்தையே அழித்ததால் அன்று. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும், நோயுற்றவர் குடிநீரில் இறங்காமல் இருக்கவும் மக்கள் பழகியதாலும், பாதுகாப்பான குடிநீர் கிடைத்ததாலும், தேவைப்பட்ட நீராதாரங்களில் மட்டும் மருந்து இடப்பட்டதாலுமே ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் கண்டறியப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாக அறிவித்தது. சைக்ளாப்ஸ் குடும்பத்தின் மற்றொரு வகையான மீசோசைக்ளாப்ஸ், கொசுவின் இளம்புழுக்களைக் கவ்வித் தின்பது. வியட்நாம் நாட்டில் டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்த நீர்த்தொட்டிகளில் அதை விட்டு வெற்றி கண்டார்கள். குளத்தில் பல்வகை உயிர்களும் இருக்கும்போது கொசுப்புழுவை உண்பவையும் உடனிருக்கின்றன. எல்லாவற்றையும் வழித்து நீக்கிய குட்டையில் முதலில் குடியேறிப் பெருகுவது கொசுவாகத்தான் இருக்கும்.

சட்டத்தின் துணை இவற்றுக்கு மிகக் குறைவு. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில் இந்தியா 1982 முதல் உறுப்பு நாடு. படுகையில் கோடியக்கரை 2002-இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இலும் அதன் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கான அளவுகோல்களில் ஒன்று, இருபதாயிரமோ அதற்கு மேலோ நீர்ப்பறவைகள் அங்கு தங்க வேண்டும் என்பது. பறவைகள் வந்ததால் வடுவூர் ஏரிக்குக் காவல் கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பறவைகள் திரளாக வராத, ஆனால் அதே அளவு நுண்ணுயிர் வளம் கொண்ட எண்ணற்ற குளங்களுக்கு அந்தக் காவல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு விதிகளோ, ஈரநிலம் என்பதன் விளக்கத்திலேயே ஆறு ஓடும் தடங்களையும், நெல்வயல்களையும், குடிநீருக்கெனவும் பாசனத்துக்கெனவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கிவிடுகின்றன. கல்லணைக்குக் கீழே உள்ள நாட்டில் ஆறு, வயல், பாசன ஏரி ஆகிய மூன்றையும் விலக்கினால் மிஞ்சுவது என்ன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எனினும், கையில் இருக்கும் ஒரு சட்டத்தை நாம் பயன்படுத்தவில்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அக்குழு தன் எல்லைக்குள் உள்ள உயிரினங்களுக்கு மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதில் மரமும் பயிரும் மீனும் மூலிகையும் பதிவாவதைப் போல, ஊர்க்குளத்தின் மிதவை உயிரிகளும் பதிவாக வேண்டும். இதற்கு ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. மன்னார்குடி, கும்பகோணம், பூண்டி, மயிலாடுதுறை ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள்; நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஒரு நுண்வலை, சில குப்பிகள், ஒரு நுண்ணோக்கி ஆகியவை இருந்தால் ஒரு குளத்தின் நிலையை ஒரு பருவத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதிவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் வடிவமைத்த, தாளால் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்னும் மலிவு விலை நுண்ணோக்கி ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. பள்ளிப் பிள்ளைகள்கூட அதைக் கொண்டு சக்கர உயிரியையும் நீர்த்தெள்ளையும் பிரித்தறிய முடியும். ஐரோப்பிய நாடுகளில் ஆற்று நீரின் தரத்தை மதிப்பிட, வேதிச் சோதனையோடு அந்நீரில் எந்தெந்த டயட்டம் இனங்கள் வாழ்கின்றன என்பதையும் முறையாகக் கணக்கெடுக்கிறார்கள். வேதிச் சோதனை அன்றைய நீரின் நிலையை மட்டும் சொல்லும். கல்லில் ஒட்டி வாழும் டயட்டம்களோ கடந்த பல வாரங்களின் நிலையைச் சொல்லும்.

தூர்வாருவதை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்பதாக எவரும் பொருள் கொள்ள வேண்டாம். வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக் குறுவை கருகும் என்பதை அறியாதவன் அல்லன். ஓடும் நீரில் வண்டல் ஆண்டுதோறும் பெயர்ந்துகொண்டே இருப்பதால், ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் முட்டை இருப்பைப் பற்றிய என் கவலை குறைவே. தேங்கும் நீர்நிலைகளான குளம், குட்டை, ஏரி ஆகியவற்றுக்கே இதைக் கேட்கிறேன். குளத்தின் படுகையில் கால்பங்கையாவது ஒரு பருவத்தில் தொடாமல் விட்டு, அடுத்த முறை அந்தப் பகுதியைத் தூர்வாரி, முன்பு தூர்வாரியதை விட்டுவைக்கலாம். முழுவதையும் ஆழப்படுத்தியே தீர வேண்டும் என்றால், மேலுள்ள அரை அடிச் சேற்றை முதலில் தனியே எடுத்துக் கரையோரம் குவித்துவைத்து, வேலை முடிந்தபின் படுகையில் திரும்பப் பரப்பலாம். பொக்லைன் ஓட்டுபவருக்கு இது சில மணி நேரக் கூடுதல் வேலை. கரை ஒரே செங்குத்தாக வெட்டப்படாமல், ஒரு பக்கமாவது ஆழம் குறைந்து சரிந்திருந்தால் கோரையும் நீர்க்கொடிகளும் பிடித்து வளரும்; மிதவை உயிரிகள் பகலில் ஒளிந்துகொள்ள அதுவே இடம். விவசாயிகள் வயலுக்கு அள்ளிச் செல்லும் வண்டல் மண்ணைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அந்த முட்டைகளுள் சில வயலில் நீர் கட்டியதும் விழித்துக்கொள்ளும். குளத்துக்கும் வயலுக்கும் இடையே அந்த உறவு தொன்றுதொட்டு இருந்து வருவது. செங்கல் சூளைக்கும் மனைக்கட்டுக்கும் லாரியில் ஏறும் மண்ணைப் பற்றியே என் கவலை.

வரும் கோடைக்கான பணி மதிப்பீடுகள் மார்கழி, தையிலேயே தயாராகத் தொடங்கிவிடும். அதற்குள், நீர்வளத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் குளம் தூர்வாரும் ஒவ்வொரு பணியின் நிபந்தனைகளிலும் மேற்சேற்றைக் காத்தல் பற்றிய ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு மாவட்டங்களிலும் வட்டத்துக்கு ஒரு குளத்தையாவது தேர்ந்தெடுத்து, தூர்வாருவதற்கு முன் ஒரு முறையும், புதுத்தண்ணீர் வந்த இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும் அருகிலுள்ள கல்லூரியைக் கொண்டு நீரைச் சோதித்து, அதன் முடிவை ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் மக்கள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். தூர்வாரும் பணிகளைப் பார்வையிடச் செல்லும் தங்கள் செய்தியாளர்கள், எத்தனை கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது என்று கேட்கும்போது, எவ்வளவு சேறு குளத்திலேயே விடப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.